ஓவனுக்குக் கூடுதல் வாரண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையலறை மின்சாதனங்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது: ஓவன் வாங்கும்போது கூடவே விற்கப்படும் கூடுதல் வாரண்டியை நம்பிப் பணம் கொடுக்கலாமா? பழுதுநீக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓவன் கெட்டுப்போனதற்காக வருந்தியவர்களைவிட, வாரண்டித் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டதற்காக வருந்தியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சுவர் அலமாரிக்குள் பொருத்தும் மின் ஓவன் ஒன்றை வாங்கினோம். தயாரிப்பாளர் ஒரு வருட வாரண்டி தருகிறார். அதற்கு மேல் மூன்று வருடக் கூடுதல் வாரண்டி என்று சொல்லிக் கடையில் தனியே பணம் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து தாளைப் படித்தால் மொத்தமே மூன்று வருடம்தானோ என்று ஐயமாக இருக்கிறது. இந்த இரண்டு வாரண்டிகளுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. தயாரிப்பாளர் தரும் வாரண்டி ஓவனின் விலைக்குள்ளேயே அடங்கியது. செய்ததில் குறை இருந்தால் நானே பொறுப்பு என்று செய்தவரே கொடுக்கும் வாக்குறுதி அது. கூடுதல் வாரண்டி என்பதோ தனிக் கட்டணம் கொடுத்து வாங்கும் சேவை ஒப்பந்தம். அதை எழுதிக் கொடுப்பவர் தயாரிப்பாளராக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், உங்கள் ஓவனைக் கண்ணால்கூடப் பார்த்திராத மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இந்த இரண்டையும் வெவ்வேறு பெயர்களாலேயே பிரிக்கிறது. விலையோடு சேர்ந்து வருவதை மட்டுமே அது வாரண்டி என்கிறது, தனிப் பணத்துக்கு வருவதைச் சேவை ஒப்பந்தம் என்கிறது. பேச்சில் நாம் இரண்டையும் வாரண்டி என்றே சொல்லிவிடுவதால், இரண்டாவதும் முதலாவதன் தொடர்ச்சிதான் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது.

காலக்கணக்கைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் எந்த நாளில் தொடங்குகிறது என்ற ஒரு வரியை மட்டும் முதலில் தேடிப் படியுங்கள். தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து மூன்று வருடம் என்று இருந்தால் மொத்தம் நான்கு வருடம். வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் என்று இருந்தால் முதல் வருடம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. நீங்கள் உண்மையில் பணம் கொடுத்து வாங்கியது இரண்டு வருடம் மட்டுமே. இரண்டாவது வகையும் சட்டப்படி தவறன்று, ஆனால் மூன்று வருடத்துக்கான விலையை இரண்டால் வகுத்துப் பார்க்க வேண்டிய ஒப்பந்தம் அது.

இவை இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் விற்பதில்லை. அதுதான் சட்டம் தரும் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதிய பொருளில் குறை தெரிய வந்தால் குறைந்தது இரண்டு வருடத்துக்கு விற்றவரே பொறுப்பு. தயாரிப்பாளரின் தாளில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு குறையாது. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் இதே போல விற்பவரையே பொறுப்பாக்குகிறது. உங்கள் நாட்டில் சட்டம் தானாகவே தருவது என்ன என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான், கூடுதல் வாரண்டி என்ற பெயரில் ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதையே உங்களுக்கு விற்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். கூடுதல் வாரண்டி வாங்குவது லாபமா, நஷ்டமா? என் சகோதரர் எதற்கும் வாங்கிவிடுவார். என் கணவர் எதற்கும் வாங்கக் கூடாது என்கிறார்.

பதில்: இருவருமே ஓவனைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விடை, நீங்கள் வாங்கும் ஓவனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கருவிகள் எப்போது பழுதாகின்றன என்பதை விளக்கப் பொறியியலில் குளியல்தொட்டி வளைவு என்ற ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். தொடக்கத்தில் பழுதுகள் மிகுதி. சரியாகப் பற்றவைக்கப்படாத இணைப்பு, தளர்ந்த கம்பிமுனை போன்ற உற்பத்திக் குறைகள் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். பிறகு வளைவு கீழே இறங்கி, தொட்டியின் அடிப்பகுதி போலச் சில வருடங்கள் தட்டையாக ஓடும். அப்போது பழுது எப்போதாவது வருவதுதான். கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் மேலேறும். இதில் தொடக்கப் பகுதியைத் தயாரிப்பாளரின் வாரண்டி பார்த்துக்கொள்கிறது. கடைசிப் பகுதி பெரும்பாலான கூடுதல் ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு வருகிறது. ஆக, நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் தொட்டியின் தட்டையான அடிப்பகுதியைத்தான். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் கணவரின் பக்கம் வலுவாகவே தெரியும்.

ஆனால் எல்லா ஓவனுக்கும் அந்த அடிப்பகுதி ஒரே அளவுக்குத் தாழ்ந்திருப்பதில்லை. திருகு குமிழ், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஹீட்டிங் காயில், ஒரு விசிறி என்ற அளவில் இருக்கும் எளிய ஓவனில் கெடக்கூடியவை கொஞ்சம். கெட்டாலும் தனியே கழற்றி மாற்றக்கூடியவை, அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியவை. இப்படிப்பட்ட ஓவனுக்கு நான் கூடுதல் வாரண்டி வாங்க மாட்டேன். தொடுதிரை, நீராவி வசதி, தானாக வேலை செய்யும் நிரல்கள் என்று அடுக்கப்பட்ட ஓவனின் கதை வேறு. அதன் மூளையான கட்டுப்பாட்டுப் போர்டு வெப்பத்துக்கு அருகிலேயே வாழ்கிறது. போர்டில் இருக்கும், உள்ளே மின்பகுளி என்ற திரவத்தோடு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்துபோகின்றன, காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் ரிலேக்களின் தொடுமுனைகள் கருகுகின்றன. அதைக் காப்பாற்றுவதற்காகவே உள்ளே ஒரு குளிர்விக்கும் விசிறி வைக்கிறார்கள். ஓவனை அணைத்த பிறகும் சற்று நேரம் கேட்கும் மெல்லிய ஓசை அதனுடையதுதான். அந்த விசிறி நின்றால் அடுத்தது போர்டின் முறை. போர்டு போனால் வரும் செலவு ஓவனின் விலையில் பெரும் பகுதியாக இருக்கலாம். அந்த மாடலின் தயாரிப்பு நின்றுவிட்டால் பணம் இருந்தாலும் போர்டு கிடைக்காது. உங்கள் சகோதரரின் பக்கம் இங்கேதான் வலுப்பெறுகிறது.

கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. ஓவனின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கட்டணம் 15 பங்கு என்றும், பெரிய பழுது ஒன்று வந்தால் ஆகும் செலவு 40 பங்கு என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 15-ஐ 40-ஆல் வகுத்தால் எட்டில் மூன்று. அதாவது, இதே போன்ற எட்டு ஓவன்களில் மூன்று ஓவன்களாவது ஒப்பந்தக் காலத்துக்குள் அப்படிப் பழுதானால்தான் கொடுத்த பணத்துக்கும் கிடைத்த பலனுக்கும் சரியாக இருக்கும். நீங்கள் வாங்கும் ஓவன் அவ்வளவு நம்ப முடியாததென்றால், வாரண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு வேறு ஓவனைப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தம் விற்கும் நிறுவனம் பழுதுச் செலவு, நிர்வாகச் செலவு, கடைக்காரரின் கமிஷன், தன் லாபம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கட்டணம் வைக்கிறது. சராசரியாகப் பார்த்தால் வாங்குபவர் கொடுப்பது பெறுவதைவிட அதிகமாகவே இருக்கும். காப்பீடு எதற்குமே இதுதான் இயல்பு. வீடு எரிந்தால் தாங்க முடியாது, அதனால் காப்பீடு செய்கிறோம். ஓவன் பழுதுச் செலவு உங்கள் குடும்பத்தின் மாதக் கணக்கைக் குலைத்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். குலைக்காது என்றால், அந்த 15 பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வதே மேல். குலைக்கும் என்றால், சராசரிக்குச் சற்று அதிகம் கொடுத்தாலும் நிம்மதி வாங்குவதில் தவறில்லை.

சில கிரெடிட் கார்டுகள் அவற்றின் மூலம் வாங்கிய பொருளுக்குத் தயாரிப்பாளரின் வாரண்டியைக் கட்டணமின்றி நீட்டித்துத் தருகின்றன. பணம் கட்டிய கார்டின் விதிகளை ஒரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஓவனை அணைத்து வெகுநேரம் கழித்து, யாரும் தொடாத வேளையில், கதவின் உட்கண்ணாடி பெருஞ்சத்தத்தோடு உடைந்து சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிவிட்டது. கூடுதல் வாரண்டி நிறுவனத்துக்குப் போன் செய்தால், கண்ணாடி உடைவது வெளிச்சேதம், அதற்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் எதுவுமே செய்யவில்லை.

பதில்: அம்மா, முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உட்கண்ணாடி இல்லாமல் ஓவனை ஒரு முறைகூட இயக்காதீர்கள். உள்வெப்பம் நேராக வெளிக்கண்ணாடியைத் தாக்கும், அதுவும் உடையலாம், தொடுபவர் கை வெந்துபோகலாம்.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்பதை நான் முழுமையாக நம்புகிறேன், ஏனென்றால் இந்தக் கண்ணாடியின் இயல்பே அப்படி. ஓவன் கதவுகளில் பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சித் திடீரென்று குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. மேற்பரப்பின் அந்த இறுக்கம்தான் அதற்கு வலிமை தருகிறது. ஒரு கீறலோ விளிம்பில் ஒரு சிறு சிதைவோ அந்த இறுக்கமான அடுக்கில் விழுந்தால் உடனே எதுவும் நடக்காமல் இருக்கலாம். சூடாகிக் குளிர்ந்து, மீண்டும் சூடாகிக் குளிர்ந்து, என்றைக்கோ ஒரு நாள் அந்தக் கீறல் அந்த அடுக்கைத் தாண்டி உட்பகுதிக்குப் போனதும் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் நொறுங்குகிறது. ஓவன் ஆறிக்கொண்டிருக்கும்போது உடைந்ததில் வியப்பில்லை.

ஆகவே விவாதிக்க வேண்டியது, அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான். இரும்புநார் போட்டுத் தேய்த்தது, பிளேடால் சுரண்டியது, தட்டை இடித்தது, சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டது ஆகியவை பயன்படுத்தியவரின் பக்கம். கதவுச் சட்டத்தின் திருகு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது, கீல் கோணலாக இருந்ததால் கண்ணாடியின் விளிம்பு ஒவ்வொரு முறையும் சட்டத்தில் உரசியது, ஆலையிலேயே விளிம்பு சிதைந்திருந்தது ஆகியவை தயாரிப்பின் பக்கம். நேரில் வந்து பார்க்காமல் போனிலேயே இதைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. எனவே மறுப்பை எழுத்தில் தரும்படியும், எந்த நிபந்தனையின் எந்த எண்ணின் கீழ் மறுக்கிறார்கள் என்று குறிப்பிடும்படியும், டெக்னீஷியன் ஒருவரை அனுப்பிப் பார்வையிட்டு அறிக்கை தரும்படியும் மின்னஞ்சலில் கேளுங்கள். உடைந்த துண்டுகளைக் கையுறை அணிந்து சேகரித்து ஒரு பெட்டியில் வையுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். சட்டம், கீல்கள், திருகுகள், துண்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கண்ணாடிக்குப் பொறுப்பில்லை என்று எந்தக் காரணமும் பிரிக்காமல் வெளிப்படையாகவே எழுதியிருந்தால், அந்த வழி அடைபட்டதுதான். அப்போது விற்றவரிடமும் தயாரிப்பாளரிடமும் சட்டப்படியான பொறுப்பைக் கேட்டுச் செல்லுங்கள். தானாக உடையும் கண்ணாடி காயப்படுத்தக்கூடியது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் போன்ற அமைப்பு உங்கள் நாட்டில் இருந்தால் அங்கும் தெரிவிப்பது, உங்களுக்கு மட்டுமன்றி இதே மாடலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

கேள்வி: என் மைக்ரோவேவ் ஓவனின் பெட்டியில் மேக்னட்ரானுக்கு ஐந்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வருடத்தில் ஓவன் சூடு தருவதை நிறுத்திவிட்டது. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் வைத்தது அப்படியே இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பணம் கேட்கிறார்கள். ஐந்து வருட வாரண்டி என்ன ஆயிற்று?

பதில்: அந்த வாரண்டி இருக்கிறது, ஆனால் அது மேக்னட்ரான் என்ற ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராடாருக்காகச் செம்மைப்படுத்தப்பட்ட அந்தக் குழல்தான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அளவில் நுண்ணலைகளை உண்டாக்குகிறது. ஓவனின் இதயம் என்றே சொல்லலாம். ஆனால் இதயம் நன்றாக இருந்தும் உடல் சோர்ந்துபோவதுண்டு. மேக்னட்ரானுக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தயாரித்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர், டையோடு ஆகியவற்றில் ஒன்று போனாலும், உயர் அழுத்த ஃபியூஸ் போனாலும், கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சுகளில் ஒன்று பழுதானாலும் நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான் தெரியும். இவற்றில் எதுவும் ஐந்து வருட வாக்குறுதிக்குள் வருவதில்லை. முதல் வருடத்தின் பொது வாரண்டியோடு அவை வெளியேறிவிடுகின்றன.

எனவே சர்வீஸ் சென்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, பழுதானது எந்தப் பாகம், அதை எப்படிச் சோதித்து முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான். மேக்னட்ரான்தான் என்றால் பாகத்துக்குப் பணம் கேட்கக் கூடாது. ஆனாலும் பணம் கேட்கலாம். அதுவும் தவறாக இருக்காது. இப்படிப்பட்ட ஒரு பாக வாரண்டிகளில் பெரும்பாலும் பாகம் மட்டுமே இலவசம், அதை மாற்றும் கூலி, வந்து போகும் கட்டணம், ஓவனை எடுத்துச் செல்லும் செலவு ஆகியவை நம்முடையவை. கூலியும் சேர்ந்ததா என்று தாளில் எழுதியிருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்காது.

இதைப் படித்துவிட்டு, டையோடுதானே, நாமே பார்த்துவிடலாம் என்று யாரும் மூடியைக் கழற்ற வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தேங்கியிருக்கக்கூடும். வீட்டுச் சாதனங்களில் உள்ளே கை வைக்கவே கூடாதது எது என்று கேட்டால், நான் தயங்காமல் மைக்ரோவேவ் ஓவனைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. உள்சுவரில் அட்டைபோல ஒரு மைக்காத் தகடு இருக்கும். அதில் எண்ணெயும் உணவும் தெறித்துப் படிந்து கருகினால் பொறி பறக்கத் தொடங்கும். பொறி பறந்தபடியே தொடர்ந்து ஓட்டினால் மேக்னட்ரானும் கெடலாம். அப்போது அது பராமரிப்புக் குறைவு என்று கிளைமை மறுப்பார்கள், அந்த மறுப்பை எதிர்த்து வாதாடுவது கடினம். தகட்டைத் துடைத்து வையுங்கள், பொறி தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். உள்ளே எதுவும் வைக்காமல் இயக்குவதும் மேக்னட்ரானைப் பாதிக்கும்.

கேள்வி: தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதியை முதன்முறையாகப் பயன்படுத்திய அன்றே என் ஓவன் உயிரற்றுப்போய்விட்டது. கதவும் பூட்டியபடியே இருக்கிறது. இது என் தவறா?

பதில்: இல்லை. கையேட்டில் உள்ள ஒரு வசதியைக் கையேட்டில் சொன்னபடி பயன்படுத்தியது ஒருபோதும் தவறான பயன்பாடு ஆகாது. அந்தக் காரணம் சொல்லி மறுத்தால் ஏற்காதீர்கள். அந்த வசதி உள்ளே ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தை ஏற்றிப் படிந்த கொழுப்பைச் சாம்பலாக்குகிறது. ஓவன் தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகக் கடுமையான வெப்பம் அதுதான். அப்போது அதிவெப்பத் தடுப்பு ஃபியூஸ் அறுந்துவிடுவதும், கதவுப் பூட்டின் மோட்டார் சிக்கிக்கொள்வதும் பழுதுநீக்குபவர்கள் நன்கறிந்தவை. பல வேளைகளில் பழுது அந்தச் சிறு ஃபியூஸோடு நின்றுவிடும். கதவை நெம்பித் திறக்காதீர்கள். நெம்பிய தடம் தெரிந்தால் நியாயமான கிளைம்கூட வெளிச்சேதம் ஆகிவிடும். இந்த வசதியை இதுவரை பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள், தயாரிப்பாளரின் வாரண்டி நடப்பில் இருக்கும்போதே ஒரு முறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதில் வெளிப்பட வேண்டிய குறை இருந்தால் அப்போதே வெளிப்படட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே பேக்கிங் செய்து ஆர்டர் எடுத்து விற்கிறேன். ஓவனும் வீட்டு உபயோக ஓவன்தான். கூடுதல் வாரண்டி எனக்குச் செல்லுமா?

பதில்: பெரும்பாலும் செல்லாது. வீட்டு ஓவனுக்கான ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் அநேகமாக வணிகப் பயன்பாட்டை விலக்கும் ஒரு வரி இருக்கும். நீங்கள் ஒருவரே வேலை செய்கிறீர்கள், சிறிய அளவில்தான் செய்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த வரியின் முன் நிற்காது. விற்பனைக்காகப் பயன்படுத்தினாலே வணிகம்தான். தயாரிப்பாளரின் வாரண்டியிலும் இதே விலக்கு இருக்கலாம். உண்மையை மறைத்து ஒப்பந்தம் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் தொழிலின் முதுகெலும்பே இந்த ஓவன் என்பதால், வணிகப் பயன்பாட்டை ஏற்று எழுதித் தரும் ஒப்பந்தம் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால், வாரண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காயிலையும் கதவு ரப்பர் பட்டையையும் வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்வது, ஓவன் நின்ற நாளில் உங்களுக்கு எந்தத் தாளையும்விட அதிகமாக உதவும்.

கேள்வி: சுவர் அலமாரியில் பொருத்திய ஓவனுக்குப் போர்டு கிடைக்கவில்லை என்று கூறி, வாரண்டி நிறுவனம் மாற்று ஓவன் தர முன்வந்திருக்கிறது. அது மேடை மேல் வைக்கும் வகை. இல்லையென்றால் தேய்மானம் கழித்துப் பணம் தருவார்களாம். ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஐயா, உடனே கையெழுத்திடாதீர்கள். மாற்றுப் பொருளைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். அதே தரமும் அதே வசதிகளும் உள்ள பொருள் என்று எழுதியிருந்தால், அலமாரிக்குள் பொருந்தும் தன்மையே உங்கள் ஓவனின் முதன்மையான வசதி என்று நீங்கள் வாதாட முடியும். ஐரோப்பிய அளவில் செய்யப்படும் உள்பொருத்து ஓவன்கள் 60 சென்டிமீட்டர் அகலத்தைப் பொது அளவாகக் கொண்டவை. அமெரிக்கச் சந்தைக்குரியவை 24, 27, 30 அங்குலம் என்று போகும். அலமாரி ஓர் அளவுக்கு வெட்டப்பட்டிருக்க, வேறு அளவிலோ வேறு வகையிலோ ஓவனைக் கொடுத்தால், மரவேலைச் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அலமாரியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து, படத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள்.

தேய்மானம் கழிப்பது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சதவீதத்தோடு எழுதப்பட்டிருந்தால்தான் கழிக்கலாம். இப்போது புதிதாகக் கண்டுபிடித்துக் கழிக்க முடியாது. அது மட்டுமன்று, பல ஒப்பந்தங்களில் மொத்தக் கிளைம் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், முன்பு செய்த பழுதுகளின் செலவும் அதில் கழியும். மாற்று ஓவன் கொடுத்ததோடு ஒப்பந்தமே முடிந்துபோகும் என்ற வரியும் இருக்கும். காலம் இன்னும் மீதமிருக்கிறதே என்று எண்ணிப் புதிய ஓவனைப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். புதிய ஓவனுக்கு அதன் தயாரிப்பாளரின் வாரண்டி தனியே உண்டா என்று கேளுங்கள். புதுப்பிக்கப்பட்ட பொருளைக் கொடுத்தால் அது குறைவாக இருக்கலாம்.

கேள்வி: வெளி மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டினாலே வாரண்டி போய்விடும் என்கிறார்களே?

பதில்: முழு உண்மையன்று. நான் முன்பு சொன்ன 1975-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், இலவசமாகத் தந்தால் அன்றி, குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ குறிப்பிட்ட சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் வெளியார் செய்த வேலையால் உண்டான சேதத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்லர் என்பது எங்கும் ஏற்கப்பட்ட நியாயம். தனியே விற்கப்படும் சேவை ஒப்பந்தங்களோ, தாங்கள் அனுப்பும் ஆள் அல்லது முன் அனுமதி என்பதில் கண்டிப்பானவை. முன் அனுமதியின்றிச் செய்த செலவைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே கூடுதல் வாரண்டி நடப்பில் இருக்கும்போது, எவ்வளவு அவசரமானாலும் முதல் போன் அவர்களுக்கே. எரிவாயு ஓவனாக இருந்தால், வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்குரிய தகுதி பெற்றவரைத் தவிர வேறு யாரையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: கூடுதல் வாரண்டி விற்ற நிறுவனம் போனை எடுப்பதே இல்லை. கடைக்காரர், அவர்கள் வேறு நாங்கள் வேறு என்கிறார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, இதுவரை எந்தக் கிளைமும் செய்யவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தத்தில் மூன்று பெயர்கள் இருக்கக்கூடும். விற்றவர் ஒருவர், கிளைம்களை வாங்கி நிர்வகிப்பவர் ஒருவர், பணத்துக்கு இறுதிப் பொறுப்பேற்பவர் ஒருவர். நீங்கள் போன் செய்வது பெரும்பாலும் நடுவில் இருப்பவருக்கு. மூன்றாமவர் யார் என்று தேடுங்கள். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனமாக இருந்தால் காப்பீட்டைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் நீங்கள் முறையிட வழி உண்டு. அப்படி யாருமே பெயர் குறிப்பிடப்படவில்லையென்றால், அந்தத் தாள் விற்றவரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அவர் கடையை மூடினால் அதுவும் மூடும்.

ஒரு மாதம்தான் ஆகிறது என்பது உங்களுக்குச் சாதகம். ரத்து செய்யும் உரிமை பல ஒப்பந்தங்களில் உண்டு, ஆனால் அதைப் பெரிதாக அச்சிடுவதில்லை. பிரிட்டனில் வீட்டு மின்சாதனங்களின் கூடுதல் வாரண்டிகளுக்காக 2005-இல் வந்த ஆணையின்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, கிளைம் எதுவும் செய்யாத நிலையில் 45 நாட்களுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். கடையில் சொன்ன அதே விலையில் 30 நாட்கள் வரை யோசித்து வாங்கும் உரிமையும் அதில் உண்டு. இப்போது வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று அவசரப்படுத்துவதைத் தடுக்க வந்த விதி அது. நான் மிகவும் மதிக்கும் விதி. உங்கள் நாட்டில் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் இன்றே பாருங்கள். ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பிய சான்றை வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது எதற்கும் சாட்சி இல்லை.

கேள்வி: எங்கள் ஓவனின் வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. இதுவரை பெரிய பழுது இல்லை. முடிவதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. உங்களைப் போல முன்கூட்டியே கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரிய பழுது இல்லை என்கிறீர்கள். சிறியவை இருக்கின்றனவா என்று ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். கதவை மூடி, ரப்பர் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓவன் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். மேல் காயில், கீழ்க் காயில், விசிறி ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்குங்கள். ஓவனுக்கான தெர்மாமீட்டர் ஒன்றை நடுத் தட்டில் வைத்து, 180 டிகிரியில் அமைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு சிறிது இடைவெளி விட்டுப் பல முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காயில் விட்டுவிட்டு எரிவதால் அளவு 180-க்கு மேலும் கீழும் ஏறி இறங்குவது இயல்பு. குறித்த எண்களின் சராசரி 180-க்கு வெகுதூரத்தில் இருந்தால்தான் சென்சாரையோ தெர்மோஸ்டாட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

குறை எதுவும் தெரிந்தால் டெக்னீஷியன் வரும் நாள் வாரண்டிக்குப் பிறகு விழுமே என்று தயங்காதீர்கள். வாரண்டி நடப்பில் இருக்கும் நாளில் எழுத்து மூலம் புகார் பதிவாகியிருப்பதுதான் முக்கியம். புகார் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். பில்லின் மை சில வருடங்களில் மங்கி வெறும் தாளாகிவிடும் என்பதால் அதைப் படம் எடுத்து வையுங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் அழுக்கு மூடுவதற்கு முன் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள்.